குறுவைக்குத் தண்ணீர் வருமா? காவிரி வரத்தை அளக்கவும் கணிக்கவும் உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பதா, தள்ளிப்போடுவதா என்பதை மே மாதக் கடைசிக்குள் முடிவு செய்தாக வேண்டும். நாற்றங்கால் விடவேண்டியவர்களுக்கு அதற்கு மேல் காத்திருக்க நேரமில்லை. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் பருவமழை அப்போது சரியாகப் பிடித்திருக்காது. கையில் இருப்பதை எண்ணலாம். வரப்போவதைக் கணிக்கத்தான் வேண்டும்.

2023-ன் கணக்கைப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூரில் சுமார் 103 அடி, ஏறக்குறைய 69 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் 1 டிஎம்சி போகும். குடிநீருக்கும் அடிமட்ட இருப்புக்கும் 10 டிஎம்சியை ஒதுக்கினால், வரத்தே இல்லாதபோது 59 நாள் தாங்கும். ஆகஸ்ட் 10 வாக்கில் தீரும். அதற்குள் மேலிருந்து தண்ணீர் வந்தால்தான் குறுவை கரையேறும், சம்பாவும் தொடங்கும். வந்த ஆகஸ்டோ, 1901-லிருந்து உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். அக்டோபர் 10-ல் அணை மூடப்பட்டது. 2024-ல் நேர்மாறு: இருப்பு இல்லாததால் ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை முடிவதற்குள் 120 அடியும் நிரம்பிவிட்டது.

இரண்டு ஆண்டுகளிலும் முடிவெடுத்தவர்கள் முன் இருந்த கேள்வி ஒன்றுதான். அதற்கு விடை தேட இன்று பல வழிகள் உண்டு: மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீடுகள், சொந்தக் கருவிகள், செயற்கைக்கோள், பழைய பதிவுகள், கணினி மாதிரிகள். எதற்குப் பணமும் ஆளும் நேரமும் போடுவது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் ஒப்பீடு.

முதலில், எதைக் கணிக்கிறோம்?

மேட்டூருக்கு வரும் தண்ணீர் மழையின் நேரடி விளைவு அல்ல. நடுவில் கர்நாடகத்தின் நான்கு அணைகள் உள்ளன: கிருஷ்ணராஜசாகர் 49.45 டிஎம்சி, ஹேமாவதி 37.10, கபினி 19.52, ஹாரங்கி 8.50. மொத்தம் 114.57 டிஎம்சி. பானை நிரம்பும்வரை வழியாது. நிரம்பிய பின் ஊற்றுவதெல்லாம் வழியும். நான்கும் நிரம்பும்வரை கீழே வருவது மனிதர்கள் முடிவு செய்து திறந்துவிடும் தண்ணீரும், அணைகளுக்குக் கீழேயுள்ள ஷிம்ஷா, அர்க்காவதி, சுவர்ணவதி போன்ற துணையாறுகளின் தண்ணீரும்தான். நிரம்பிய பிறகு யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை, ஆறு தானே வந்துவிடும்.

இதனால் கணிப்பை இரண்டாகப் பிரிப்பது கட்டாயம். ஒன்று, நான்கு அணைகளுக்கு வரும் இயற்கை வரத்து. இதை அறிவியலால் கணிக்கலாம். மற்றது, அங்கிருந்து எவ்வளவு விடுவார்கள் என்பது. இதற்குக் கணிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. ‘உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி விட்டால் இவ்வளவு, பற்றாக்குறைக் கணக்கில் குறைத்து விட்டால் இவ்வளவு, உபரி மட்டும் வந்தால் இவ்வளவு’ என்று தனித்தனி நிலைகளாகத்தான் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாகக் குழைத்துத் தரும் எந்த முறையும், அது எவ்வளவு நவீனமாக இருந்தாலும், காவிரிக்கு உதவாது.

நான்கு அணைகளையும் ஒரே பானையாகக் கருதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கபினி சிறியது, வயநாட்டு மழை பெரியது. பெரும்பாலும் அதுதான் முதலில் நிரம்பும். கிருஷ்ணராஜசாகரில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே கபினி வழியாக உபரி வரத் தொடங்கலாம். எனவே காலி இடத்தைக் கணக்கிடும்போது கபினியைத் தனியாகவும் மற்ற மூன்றைத் தனியாகவும் வையுங்கள்.

அளக்கும் வழிகள்

மாநில எல்லையில் மத்திய நீர்வள ஆணையம் ஓட்டத்தை அளக்கும் பிலிகுண்டுலு நிலையம்தான் சட்டப்படி எல்லாவற்றுக்கும் அடிப்படை. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் தர வேண்டியதாக 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 177.25 டிஎம்சி இங்கேதான் அளக்கப்படுகிறது. மாதவாரியாக ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76 என்று போகும். பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. இரு தரப்பும் ஏற்கும் அளவு என்பது இதன் பெரும் பலம். ஆனால் முன்னறிவிப்பாக இதற்கு மதிப்புக் குறைவு: இங்கே தெரிந்த தண்ணீர் ஏறக்குறைய ஒரு நாளில் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கும்.

பிழை எங்கே வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றில் அன்றாடம் அளப்பது நீர்மட்டத்தை. அதை ஓட்டமாக மாற்றுவது, முன்பு பல முறை ஓட்டத்தை நேரடியாக அளந்து வரைந்த ஒரு வளைகோடு. ஓட்டம் ஆழத்தின் வர்க்கமாகக் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 50 செ.மீ. ஆழத்தில் 5 செ.மீ. பிழை ஓட்டத்தில் சுமார் 20 சதவீதப் பிழையாகும். மணற்படுகையில் உள்ள நிலையங்களில் ஒரு வெள்ளம் போனாலே படுகை மாறி, பழைய வளைகோடு செல்லாமல் போகும். கோடைக் குறைந்த ஓட்டத்தில் சர்ச்சை வெடிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த வளைகோடு கடைசியாக எந்தத் தேதியில், எந்த மட்டத்தில் சரிபார்க்கப்பட்டது என்பதே.

இரண்டாவது வழி, மேலேயுள்ள நிலையங்களைச் சங்கிலியாகப் படிப்பது. எங்கள் பார்வையில் கைக்காசு செலவின்றி அதிகப் பலன் தரும் வழி இதுதான், ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. காவிரியில் குடிகே, லட்சுமணதீர்த்தத்தில் கே.எம்.வாடி, ஹேமாவதியில் அக்கிஹெப்பாள்: இந்த மூன்றின் ஓட்டத்தையும் கூட்டினால் கிருஷ்ணராஜசாகருக்கான வரத்து ஓரளவு கிடைத்துவிடும். அணை நிர்வாகம் அறிவிக்கும் வரத்துடன் இதை ஒப்பிடலாம். வித்தியாசம் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஏதோ ஒரு கணக்கில் பிழை. மேலும் கீழுமாக ஆடினால் அது சாதாரண அளவீட்டுத் தடுமாற்றம். கபினிக்கு மேலே முத்தன்கரை, கீழே டி.நரசிபுரா. பிறகு கொள்ளேகால், ஷிம்ஷாவில் டி.கே.ஹள்ளி, அர்க்காவதியில் டி.பெக்குப்பே. கிருஷ்ணராஜசாகரில் விட்ட தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகும். ஓட்டம் பெரிதானால் நேரம் சுருங்கும். அந்த இரண்டு நாள்தான் குறுகியகாலக் கணிப்பின் முதுகெலும்பு.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு கழித்தல் உண்டு. கொள்ளேகாலுக்கும் பிலிகுண்டுலுவுக்கும் இடையில் பெங்களூருவுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். முதல் நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு 1,450 மில்லியன் லிட்டர், 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் 775. முழுத் திறனில் எடுத்தால் விநாடிக்குச் சுமார் 900 கனஅடி. வெள்ளக் காலத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாதம் 2.5 டிஎம்சி என்றால் சராசரி 1,000 கனஅடிதான்; கோடையில் கழித்தல் ஏறக்குறைய தர வேண்டிய அளவுக்கே சமம். இதைச் சேர்க்காமல் மேல் நிலையங்களைக் கூட்டிக் கீழே ‘தண்ணீர் காணாமல் போகிறது’ என்று சொல்வது வீண் சண்டைக்கு வழி.

மூன்றாவது, மேட்டூர் அணையின் இருப்பு மாற்றத்திலிருந்து வரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. இருப்பில் ஏற்பட்ட மாற்றம், வெளியேற்றம், ஆவியாதல் மூன்றையும் கூட்டினால் வரத்து. கேட்க எளிது. ஆனால் அணை நிறைந்திருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். அப்போது மட்டத்தில் 1 செ.மீ. பிழை என்பது 15 லட்சம் கன மீட்டர். ஒரு நாள் வரத்தில் சுமார் 600 கனஅடி. காற்று ஒரு பக்கமாக வீசித் தண்ணீரைத் தள்ளினாலே அந்த 1 செ.மீ. வந்துவிடும். ஆவியாதல் நாளொன்றுக்கு 5 அல்லது 6 மி.மீ. என்றால் இன்னொரு 300 கனஅடிக்கு மேல். ஆகவே 30,000 கனஅடி வரத்தில் இந்த முறை நம்பகமானது, 1,000 கனஅடி வரத்தில் பயனற்றது. கோடையில் தினக்கணக்கை விட்டுவிட்டு 10 நாள் சராசரியைப் பாருங்கள், பிழை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வண்டல் படிவதால் மட்டத்தையும் கொள்ளளவையும் இணைக்கும் அட்டவணை பழையதாகியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது, சொந்தக் கருவிகள். பாசன அமைப்புகளும் கல்லூரிகளும் முதலில் யோசிப்பது இதைத்தான். பாலத்தின் அடியில் பொருத்தும் ரேடார் மட்டமானி தண்ணீரைத் தொடுவதில்லை, அதனால் வண்டலும் குப்பையும் தொல்லை தருவதில்லை. 12 வோல்ட் பேட்டரி, சிறு சோலார் பலகை, சிம் கார்டு இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் வரும். தண்ணீருக்குள் போடும் அழுத்தமானி விலை குறைவு. ஆனால் சேற்றில் புதையும், காற்றுக்குழாயில் ஈரம் ஏறினால் அளவு மெல்ல நகரும், அந்த நகர்வு பல மாதம் கண்ணில் படாது. பாலம் உள்ள இடத்தில் ரேடாரே மேல். மேற்பரப்பு வேகத்தை அளக்கும் ரேடாரும் உண்டு. அது தரும் வேகத்தைச் சுமார் 0.85-ஆல் பெருக்கிச் சராசரி வேகமாக்குவார்கள். அந்த 0.85 எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆழம் குறைந்த பாறைப்படுகையில் மாறும்.

கருவி பழுதாவதைவிட அதிகம் நடப்பது வேறு: பேட்டரியும் பலகையும் திருடுபோவது, சிம் ரீசார்ஜ் விட்டுப்போவது, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பின் யாரும் போய்ப் பார்க்காதது. எந்தத் தானியங்கி நிலையத்துக்கும் பக்கத்தில் கல்லில் குறித்த சாதாரண அளவுகோல் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஒருவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அது இல்லாத நிலையத்தின் தரவை விசாரணையில் யாரும் ஏற்கமாட்டார்கள். இன்னொன்று: தமிழ்நாட்டுக்குள் எங்கே கருவி வைத்தாலும் எல்லைக்கு மேலே நடப்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. சொந்தக் கருவிகளைக் காவிரிக்கு வைப்பதைவிட, பவானி, அமராவதி சேரும் இடங்களிலும், முக்கொம்பு, கல்லணைக்குக் கீழ் வாய்க்கால் தலைப்புகளிலும், கடைமடையிலும் வைப்பது மேல். டெல்டாவுக்குள் தண்ணீர் எங்கே போகிறது என்பதே அங்கு அதிகம் தெரியாத சங்கதி.

ஐந்தாவது, செயற்கைக்கோள். மேலே தரவு தராத நாட்டோடு ஆற்றைப் பகிர்பவர்களுக்கு இது உயிர்நாடி. காவிரியில் அந்த அளவு அவசரம் இல்லை, ஏனெனில் நான்கு அணைகளின் மட்டமும் தினமும் வெளிவருகிறது. செயற்கைக்கோளின் வேலை இங்கே சரிபார்ப்பது. ஒளிப்படம் எடுக்கும் சென்டினல்-2, ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகத்தில் தடுமாறும். ரேடாரால் பார்க்கும் சென்டினல்-1 மேகத்தை ஊடுருவும், ஆனால் காற்றில் அலை எழுந்த நீர்ப்பரப்பைத் தரை என்று பிரித்துவிடும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் (SWOT) செயற்கைக்கோள் நீர்மட்டத்தையே அளக்கிறது. 21 நாள் சுற்று என்பதால் தினசரி வேலைக்கு ஆகாது, அட்டவணையைச் சோதிக்க நல்லது. மழைக்கு நாசாவின் ஐமெர்க் (IMERG) செயற்கைக்கோள் தரவு சில மணி நேரத்தில் கிடைக்கும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் பெய்யும் மழையைச் செயற்கைக்கோள்கள் குறைத்தே காட்டுகின்றன. உயரம் குறைந்த மேகத்திலிருந்து கொட்டும் மழை அவற்றின் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. குடகில் காவிரியின் தலைப்பகுதியான பாகமண்டலாவுக்கு அந்தத் தரவைத் திருத்தாமல் மாதிரிக்குள் போட்டால் வரத்தைக் குறைத்துச் சொல்லும், அதை வைத்து வாதாடினால் எதிர்த்தரப்புக்கே சாதகமாகும். குடகுக்குக் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் மழைமானி வலையமைப்பு அடர்த்தியானது. முதலில் அதைப் பயன்படுத்துங்கள். சிறு கிண்ணம் நிரம்பிக் கவிழ்வதை எண்ணும் டிப்பிங் பக்கெட் மழைமானிகள் கனமழையில் சற்றுக் குறைத்து அளக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கணிக்கும் வழிகள்

பழைய பதிவுகளை வைத்துச் சொல்வது மிக எளிய முறை. கடந்த 30 ஆண்டுகளின் ஜூன்–செப்டம்பர் வரத்தை வரிசைப்படுத்தினால் நடு மதிப்பு, மோசமான ஐந்தில் ஒரு பங்கு, நல்ல ஐந்தில் ஒரு பங்கு தெரிந்துவிடும். வேறு எந்த முறையும் இதைவிடத் துல்லியமாக இருந்தால்தான் அதற்குச் செலவு செய்யத் தகும். இங்கே சராசரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2018, 2022 போன்ற வெள்ள ஆண்டுகள் சராசரியை மேலே இழுத்துவிடும். அதனால் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் ‘சராசரிக்குக் கீழே’ விழும். காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு பற்றாக்குறையை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டே சதவீதமாகச் சொல்கிறது. அந்தச் சதவீதத்தைப் படிக்கும்போது நடு மதிப்போடும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் நிலைமை சரியாக விளங்கும்.

மழைக்கும் பிலிகுண்டுலு ஓட்டத்துக்கும் நேர்கோட்டு உறவு போடுவது பலரும் செய்வது, காவிரியில் இது தோற்கும் முறை. அணைகள் நிரம்பும்வரை உறவே தெரியாது, நிரம்பியதும் திடீரென எகிறும். நேர்கோடு இரண்டுக்கும் நடுவில் விழுந்து இரண்டு நிலையிலும் பொய் சொல்லும். மழைக்கும் நான்கு அணைகளின் வரத்துக்கும் இடையே உறவு போட்டால் அது செல்லும்.

அதைவிட நல்லது, சிறிய மழை–ஓட்ட மாதிரி. ஜிஆர்4ஜே (GR4J) போன்றவற்றுக்கு நான்கு அளவுருக்கள், அதாவது படுகைக்கேற்பப் பொருத்த வேண்டிய எண்கள், போதும். தினசரி மழையும் ஆவியாதலும் உள்ளீடு. ஒவ்வோர் அணைக்கும் தனி மாதிரி வையுங்கள். குறைந்தது 10 ஆண்டு தினசரித் தரவில் பொருத்தி, பொருத்தலில் சேர்க்காத வறட்சி ஆண்டுகளில், உதாரணமாக 2002, 2012, 2016, 2023-ல், சோதித்துப் பாருங்கள். கணித்த ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்–சட்கிளிஃப் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். அது வெள்ளத்தின் உச்சிக்கே அதிக எடை கொடுக்கும். நமக்குத் தேவை வறண்ட ஆகஸ்ட். ஓட்டத்தின் லாகரிதத்திலும் அதே மதிப்பெண்ணைக் கணக்கிட்டால் குறைந்த ஓட்டத்தில் மாதிரி எப்படி நடக்கிறது என்று தெரியும்.

இந்த மாதிரியில் இன்றைய மண் ஈரத்தைத் தொடக்கமாக வைத்து, கடந்த 30 ஆண்டுகளின் மழையை ஒவ்வொன்றாக ஓட்டினால் 30 வரத்துத் தடங்கள் கிடைக்கும். ‘ஜூலை 31-க்குள் கபினி நிரம்ப 30-ல் 24 வாய்ப்பு’ என்பது போன்ற விடை வரும். முடிவெடுப்பவருக்கு ஒற்றை எண்ணைவிட இது பல மடங்கு பயன். ஆனால் ஒரு எல்லை உண்டு: ஜூன் 1-ல் மண் எல்லா ஆண்டும் வறண்டுதான் இருக்கும், அதனால் அன்றைய கணிப்பு பழைய பதிவுகளின் பரப்பைத் தாண்டி அதிகம் சொல்லாது. ஜூலை நடுவில்தான் அதன் உண்மையான திறன் தெரியத் தொடங்கும்.

ஸ்வாட் (SWAT; மேலே சொன்ன செயற்கைக்கோள் அல்ல, கணினி மாதிரி) போன்ற பெரிய மாதிரிகள் வரத்துக் கணிப்புக்காக வேண்டாம். நிலப்பயன்பாடு மாறினால் என்ன ஆகும், கிணற்றுப் பாசனம் கூடினால் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு ஊறிவரும் அடியோட்டம் எவ்வளவு குறையும் போன்ற கேள்விகளுக்கு அவை தேவை. ஆனால் அளவுருக்கள் பல, அவற்றில் எதை மாற்றினாலும் விடை மாறும். எதிர்த்தரப்பு நிபுணர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பார். தரவிலிருந்து தாமே கற்றுக்கொள்ளும் எல்எஸ்டிஎம் (LSTM) வகை நரம்பணி மாதிரிகள் நிறையப் படுகைகளின் தரவைச் சேர்த்துப் பயிற்றுவித்தால் அருமையாக வேலை செய்கின்றன. நான்கு அணைகளின் தரவை மட்டும் கொடுத்தால் அரிதான வறட்சியை அவை பார்த்தே இருக்காது. சிறிய மாதிரியின் பிழையைத் திருத்தும் இரண்டாம் அடுக்காக அவற்றை வைப்பது பாதுகாப்பானது.

வானிலைத் துறையின் முன்னறிவிப்புகளைக் கால அளவு பார்த்துப் பயன்படுத்த வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் மழை முன்னறிவிப்பை மாதிரிக்குள் நேரடியாகப் போடலாம். வியாழக்கிழமைதோறும் வரும் நான்கு வார முன்னறிவிப்பில் முதல் இரண்டு வாரம் திசை காட்டும். ஏப்ரலில் வரும் பருவ முன்னறிவிப்பு நாடு முழுமைக்குமானது, மே இறுதியில் வருவதும் தென் தீபகற்பம் முழுமைக்குமே. குடகும் வயநாடும் அதில் சிறு துண்டு. அதை வைத்துக் குறுவைப் பரப்பை நிர்ணயிக்கக் கூடாது.

எந்த முடிவுக்கு எது

அடுத்த ஐந்து நாளுக்கு: மேல் நிலையங்களின் சங்கிலி, அணைகளின் காலி இடம், மழை முன்னறிவிப்பு. இதில் வேறு எதுவும் தேவையில்லை.

பத்து முதல் முப்பது நாளுக்கு, முறைப்பாசனம் வைப்பதற்கும் ஒழுங்காற்றுக் குழுவில் பேசுவதற்கும்: சிறிய மாதிரியும் 30 தடங்களும். குழு பார்க்கும் எண்ணான நான்கு அணைகளின் கூட்டு வரத்தையே கணித்து, அதே அலகில், அதே தேதிகளில் கொடுங்கள். மேல் மாநிலப் பொறியாளர் அதே தரவில் அதே விடையை எடுக்கக்கூடிய முறையாக இருந்தால்தான் அது மேசையில் நிற்கும். மறைத்து வைத்த நுட்பமான மாதிரியைவிட, எல்லோரும் ஓட்டிப் பார்க்கக்கூடிய எளிய மாதிரிக்கு வழக்குள்ள ஆற்றில் மதிப்பு அதிகம்.

ஜூன் 12 முடிவுக்கு: மேட்டூர் இருப்பு, நான்கு அணைகளின் இருப்பு, 30 ஆண்டுப் பரப்பு. எந்தக் கணினியும் மே மாதத்தில் இதற்கு மேல் உறுதி தராது. எனவே பணத்தைக் கணிப்பில் கொட்டாமல் முடிவைத் தவணையாக்குங்கள். மோசமான ஐந்தில் ஒரு ஆண்டு வந்தாலும் தாங்கும் பரப்புக்கு மட்டும் முதலில் தண்ணீர் உறுதி சொல்லலாம். ஜூலை 10-ல் கபினியின் காலி இடத்தையும் மற்ற மூன்றின் கூட்டு இருப்பையும் பார்த்து அடுத்த பரப்பு, ஜூலை 31-ல் சம்பா நாற்றங்கால் தேதி. எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதை மே மாதத்திலேயே எழுதி, கடைமடை விவசாயிக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். 2023-ல் கருகிய பயிர்களில் ஒரு பகுதியையாவது அப்படி ஓர் அட்டவணை காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறோம்.

எந்த முறையை எடுத்தாலும், ஒவ்வொரு கணிப்பையும் தேதியோடு சேமித்து, பருவம் முடிந்ததும் நடந்ததோடு ஒப்பிட வேண்டும். ‘80 சதவீத வாய்ப்பு’ என்று பத்து முறை சொன்னதில் ஏறக்குறைய எட்டு முறை நடந்திருக்க வேண்டும். ஐந்து முறைதான் நடந்தது என்றால் மாதிரி தன்னம்பிக்கையை அதிகம் காட்டுகிறது, தடங்களின் பரப்பை விரிக்க வேண்டும். பத்து முறையும் நடந்தது என்றால் அளவுக்கு மீறித் தயங்குகிறது. நீர் ஆண்டு மே 31-ல் முடிகிறது; அடுத்த முடிவுக்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் மூடுவதிலிருந்து நான்கு மாதம் கிடைக்கிறது.